தகர டப்பாவும் சணல் கயிறும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு காலி பால் பவுடர் டப்பாக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மேல் டப்பாவின் அடியில் ஆணியால் ஒரு துளை, உள்ளே தண்ணீர். அதற்குக் கீழே இன்னொரு டப்பா, காலியாக, சணல் கயிற்றில் தொங்குகிறது. கயிற்றின் மறுமுனையை அலமாரி விளிம்பில் ஒரு குச்சியோடு கட்டியிருந்தேன். அந்தக் குச்சிதான் ஓர் எவர்சில்வர் தட்டைத் தாங்கி நிற்கிறது. சொட்டும் தண்ணீரில் கீழ் டப்பா நிரம்பும், கனக்கும், கயிறு இழுக்கும், குச்சி நழுவும், தட்டு விழும். தாளில் வரைந்து பார்த்தபோது இவ்வளவுதான் வேலை.

செய்து பார்த்தபோது முதல் தடவை துளை பெரிதாகிவிட்டது. இரண்டு நிமிடத்தில் தண்ணீர் முழுக்க இறங்கித் தட்டு விழுந்தது. அடுத்து வேறு டப்பா எடுத்து ஊசியால் குத்தினேன். தூசி விழ வேண்டாமே என்று மேல்மூடியையும் அழுத்தி மூடினேன். நாலைந்து சொட்டு விழுந்ததோடு நின்றுவிட்டது. உள்ளே காற்று போக வழி இல்லாவிட்டால் தண்ணீர் வெளியே வராது என்பது பள்ளியில் படித்ததுதான். ஆனால் அது ஞாபகத்துக்கு வரப் பத்து நிமிடம் ஆனது. மூன்றாம் தடவை எல்லாம் சரியாக இருந்தும் குச்சி நழுவவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து ஓரிடத்தில் அப்படியே சிக்கிக்கொண்டது.

இதை எதற்குச் செய்தேன் என்றால், முதல் உலகப் போரில், 1915 டிசம்பரில், துருக்கியின் கல்லிப்போலியில் வில்லியம் ஸ்கரி என்ற இருபது வயது ஆஸ்திரேலியப் படைவீரன் இதைத்தான் செய்தான். அவன் கயிற்றைக் கட்டியது துப்பாக்கியின் விசையில். அவன் கதையை முதன்முதலில் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரே சந்தேகம்: டப்பாவும் தண்ணீரும் ஒரு படையை ஏமாற்றுமா?

அந்தப் போரின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டார்டனெல்ஸ் நீரிணையைப் பிடித்துத் துருக்கியரின் தலைநகர் கான்ஸ்டான்டிநோப்பிள் (இன்றைய இஸ்தான்புல்) வரை போய்விடலாம் என்ற கணக்கில் பிரிட்டனும் அதன் கூட்டாளிகளும் 1915 ஏப்ரல் 25 அன்று கல்லிப்போலி தீபகற்பத்தில் படைகளை இறக்கினார்கள். கணக்கு தப்பியது. மேட்டு நிலமெல்லாம் துருக்கியர் கையில் இருந்தது. கடற்கரையை ஒட்டிய சரிவுகளில் வந்தவர்கள் எட்டு மாதம் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். சில இடங்களில் இரு தரப்புப் பதுங்குகுழிகளுக்கும் நடுவே 20 மீட்டர்கூட இல்லை. எதிரி இருமினால் கேட்கும் தூரம். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அங்கே தன் மண்ணைக் காத்து நின்றவர்கள் துருக்கியர். வந்து இறங்கியவர்கள் அந்நியர். நான் வியப்பது வந்தவர்களின் நோக்கத்தை அல்ல, அவர்கள் திரும்பிப் போன விதத்தை.

திரும்பிப் போவதுதான் பெரிய சிக்கலாக இருந்தது. படை விலகும் நேரத்தில் மேட்டில் இருப்பவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டால், கடற்கரையில் படகுக்காக நிற்கிற கூட்டத்தை அவன் மேலிருந்தே சுட்டுத் தள்ளலாம். பின்வாங்கினால் பாதிப் பேரை இழக்க நேரிடலாம் என்று தளபதி இயன் ஹாமில்டன் கணித்திருந்தார். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் பிடித்து வைத்திருந்த ஆன்சாக், அதை அடுத்த சுவ்லா ஆகிய இரண்டு இடங்களிலும் சேர்த்து 80,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அதில் பாதி என்றால் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

ஆட்களை இரவு இரவாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் படகேற்றினார்கள். பகலில் எல்லாம் வழக்கம் போல நடந்தது. டிசம்பர் 17 அன்று ஆன்சாக்கில் ஒரு திறந்தவெளியில் கிரிக்கெட்டே ஆடினார்கள், எதிரி பார்க்கட்டும் என்று. ஆனால் கடைசி ஆளும் குழியை விட்டு இறங்க வேண்டிய நேரம் ஒன்று வரும் அல்லவா? அதற்குப் பிறகு துப்பாக்கிச் சத்தம் நின்றுவிடும். எட்டு மாதமாக ஒவ்வோர் இரவும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டுவந்த சத்தம் சட்டென்று நின்றால், கேட்பவனுக்கு அதுவே செய்தி.

ஸ்கரி யோசித்தது இந்த இடத்தைத்தான். போருக்கு முன் அவன் கட்டடங்களுக்கு மாதிரி வார்க்கும் குடும்பத் தொழிலில் இருந்தவன். கையால் பொருளைச் செய்து பார்த்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் அவனுக்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு நண்பனோடு சேர்ந்து, அங்கே குவிந்து கிடந்த காலி டின்களை எடுத்தான். மேல் டின்னில் தண்ணீர், கீழ் டின் காலி, அதிலிருந்து ஒரு கயிறு விசைக்கு. கிளம்பும்போது மேல் டின்னில் துளை போட்டுவிட்டு ஆள் நடையைக் கட்டலாம். கீழ் டின் போதுமான அளவு கனத்ததும் துப்பாக்கி தானாகச் சுடும். தண்ணீருக்குப் பதிலாக மெழுகுவர்த்தியை வைத்துக் கயிற்றை எரித்து, எடையை விழவைத்துச் சுடும் வகையும் இருந்தது.

அந்தக் காலத்துத் துப்பாக்கி ஒரு தடவை சுட்ட பிறகு தாழ்ப்பாளைக் கையால் இழுத்துவிட்டால்தான் மறுபடி சுடும். ஆக ஒரு துப்பாக்கிக்கு ஒரே குண்டு. அதனால் பல துப்பாக்கிகளை, வெவ்வேறு நேரத்தில் வெடிக்கும்படி வைத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. என் டப்பாக்களோடு போராடிய பிறகு எனக்கு இன்னொன்றும் தோன்றியது. ஒரே ஆணியால் குத்தினாலும் இரண்டு துளைகள் ஒன்றுபோல அமைவதில்லை. தண்ணீர் மட்டம் குறையக் குறையச் சொட்டும் வேகமும் குறைகிறது. எத்தனை நிமிடத்தில் விழும் என்று என்னால் ஒரு தடவைகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு கடிகாரத்தை வைத்துச் சுடவைத்திருந்தால் சத்தம் சீரான இடைவெளியில் வந்திருக்கும், கேட்பவனுக்கு உறுத்தியிருக்கும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் காவல்காரன் நினைத்தபோது சுடுவான். டப்பாவும் அப்படித்தான் சுட்டிருக்கும். அதன் குறையே அதற்கு மனிதச் சாயலைக் கொடுத்தது என்பது என் ஊகம்.

நவம்பர் கடைசியில் இன்னொரு வேலையும் நடந்தது. மூன்று நாள் ஆன்சாக் பக்கம் யாரும் சுடக் கூடாது என்று உத்தரவு. என்ன ஆயிற்று என்று பார்க்கத் துருக்கியர் நெருங்கி வந்தபோது அவர்களைச் சுட்டார்கள். இதற்குப் பிறகு எதிர்ப்பக்கம் அமைதியாக இருந்தால் துருக்கிய வீரன் என்ன நினைப்பான்? ‘போய்விட்டார்கள்’ என்று நினைக்க மாட்டான். ‘காத்திருக்கிறார்கள்’ என்றுதான் நினைப்பான். சத்தம் வந்தாலும் ஆள் இருக்கிறது, சத்தம் வராவிட்டாலும் ஆள் இருக்கிறது. இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

காலணிகளில் சாக்குத்துணி சுற்றி, குழிகளின் தரையில் கிழிந்த கம்பளிகளை விரித்து, டிசம்பர் 20 விடிவதற்குள் ஆன்சாக்கிலும் சுவ்லாவிலும் எல்லாரும் போய்விட்டார்கள். இழப்பு கிட்டத்தட்ட இல்லை. விடிந்த பிறகு துருக்கியர் சுட்டது காலிக் குழிகளை. அந்த இரவு யாருமே சாகவில்லை என்று சொல்லிவிட முடியாது. கிளம்பும் முன் ஆன்சாக்கில் வெடிக்க வைத்த கண்ணிவெடியில் துருக்கியர் சுமார் 70 பேர் இறந்தார்கள். டப்பாவின் கதையைச் சொல்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு விட மனம் வரவில்லை.

சரி, ஏமாந்தவர்கள் முட்டாள்களா? இந்தக் கதைகளைப் படிக்கிறவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தோன்றுவது நேர்மாறு. அரைத்தூக்கத்தில் இருப்பவனிடம் இந்தத் தந்திரம் செல்லுபடியாகாது. அவனுக்குத் துப்பாக்கி சுட்டாலும் ஒன்றுதான், சுடாவிட்டாலும் ஒன்றுதான். எட்டு மாதம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சத்தத்துக்கும் பொருள் கற்றுவைத்திருக்கிறானே, அவனைத்தான் இது ஏமாற்றும். அவன் கவனமும் பயிற்சியும்தான் பொறியாகிறது. டப்பாவின் கயிறு ஒரு முனையில் விசையோடு கட்டியிருந்தது, மறுமுனை எதிரியின் பழக்கத்தோடு கட்டியிருந்தது.

இதற்கு ஆயிரம் வருடத்துக்கும் முந்தைய உதாரணம் ஒன்று உண்டு. சீனாவில் தாங் பேரரசுக்கு எதிராக ஆன் லூஷான் கலகம் நடந்த சமயம், 756-ஆம் ஆண்டு. யோங்ச்சியூ என்ற கோட்டை நகரைக் காத்துக்கொண்டிருந்த ஜாங் ஷுனிடம் அம்புகள் தீர்ந்துவிட்டன. வெளியே கலகக்காரர்களின் பெரும்படை. அவர் வைக்கோலில் பொம்மைகள் செய்து, கறுப்புத் துணி போர்த்தி, இரவில் கயிறு கட்டி மதிலிலிருந்து இறக்கினார். ஆட்கள்தான் இறங்குகிறார்கள் என்று எதிரிகள் அம்பு மழை பொழிந்தார்கள். பொம்மைகளை மேலே இழுத்தபோது அவற்றில் தைத்திருந்த அம்புகள் பல லட்சம் என்று வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். என்னை உலுக்கியது அடுத்து நடந்ததுதான். அப்புறம் ஓர் இரவு மறுபடி உருவங்கள் மதிலில் இறங்கின. கீழே இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவரும் அம்பு எய்யவில்லை. இந்த முறை இறங்கியவர்கள் 500 உயிருள்ள வீரர்கள். பாசறைக்குள் புகுந்து எதிரிப்படையைச் சிதறடித்தார்கள்.

முதல் இரவில் அம்புகளைச் சேர்த்ததைத்தான் எல்லாரும் பெரிதாகச் சொல்வார்கள். என் கணக்கில் அன்று சேர்த்த பெரிய சொத்து அந்தச் சிரிப்பு. எதிரிக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்து, அவன் அதை நன்றாகக் கற்றுக்கொண்ட பிறகு, அந்தப் பாடத்தின் வழியாகவே உள்ளே நுழைந்தார்கள்.

இதுவரை சொன்னதில் பொருள் எதிரியின் கண்ணோடும் காதோடும் பேசுகிறது. இன்னொரு வகை இருக்கிறது. அதில் ஏமாற்று குறைவு. எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்.

போஹீமியாவில், இன்றைய செக் நாட்டில், யான் ஹுஸ் என்ற சமயச் சீர்திருத்தவாதியை 1415-இல் உயிரோடு எரித்தார்கள். அவரைப் பின்பற்றியவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1420-இல் அவர்கள் மீது போப் சிலுவைப் போர் அறிவித்தார். வந்தவர்கள் இரும்புக் கவசம் அணிந்த குதிரைவீரர்கள். சிறுவயது முதல் சண்டைக்கென்றே வளர்ந்தவர்கள். இந்தப் பக்கம் பெரும்பாலும் குடியானவர்களும் சிறு தொழில் செய்பவர்களும். ஒரு குடியானவனுக்கு வாள்வீச்சு கற்றுக்கொடுக்க எத்தனை வருடம் ஆகும்? அவ்வளவு அவகாசம் இல்லை.

அவர்களுக்குத் தலைமை ஏற்ற யான் ஜிஷ்கா ஒற்றைக் கண்ணர். அறுபதை நெருங்கிய வயது. அவர் ஆட்களிடம் ‘உங்களிடம் என்ன ஆயுதம் இருக்கிறது?’ என்று மட்டும் பார்க்கவில்லை, ‘உங்கள் கைக்கு என்ன பழக்கம்?’ என்றும் பார்த்திருக்க வேண்டும். அவர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியும். குறுகிய பாதையில் திருப்பவும், சேற்றில் சிக்கினால் தூக்கவும், இருட்டில் பூட்டவும் தெரியும். கதிரடிக்கத் தெரியும். போதும் என்று முடிவு செய்தார்.

விளைச்சல் ஏற்றும் வண்டிகளின் பக்கங்களில் கனத்த பலகை அடித்து, சக்கரங்களுக்கு நடுவே இன்னொரு பலகையைத் தொங்கவிட்டார்கள். சண்டை வரும் என்று தெரிந்தால் வண்டிகளை வளைத்து நிறுத்தி, சக்கரத்தோடு சக்கரம் சங்கிலி போட்டுப் பிணைத்துவிடுவார்கள். வெறும் வயலில் சிறிது நேரத்தில் ஒரு கோட்டை எழும்பிவிடும். ஒரு வண்டிக்கு ஏறக்குறைய இருபது பேர்: வில்லாளிகள், கைத்துப்பாக்கிக்காரர்கள், ஈட்டிக்காரர்கள், கேடயம் பிடிப்பவர்கள், வண்டியோட்டிகள், அப்புறம் கதிரடிக்கும் தடியோடு நிற்பவர்கள்.

அந்தத் தடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீளமான கைப்பிடி, அதன் நுனியில் சங்கிலியால் கோத்த ஒரு குட்டைக் கட்டை. களத்தில் தானியத்தை உதிர்ப்பதற்கானது. அந்தக் கட்டையில் இரும்பாணி அறைந்தால் போர்க்கருவி. வாளைக் கேடயத்தால் தடுக்கலாம். இதைத் தடுக்கப் போனால் கைப்பிடிதான் கேடயத்தில் நிற்கும், கட்டை வளைந்து கேடயத்தைத் தாண்டித் தலையில் இறங்கும். கவசம் வெட்டைத் தடுக்கும், இடியின் அதிர்ச்சியை முழுசாகத் தடுக்காது. வருடா வருடம் பகல் முழுக்க இதைச் சுழற்றிய தோள்களுக்குப் புதிதாகக் கற்க வேண்டியது எதுவும் இல்லை.

1420 மார்ச் 25 அன்று சுடோமியெர்ஜ் என்ற இடத்தில் ஜிஷ்காவிடம் இருந்தது சுமார் 400 பேரும் 12 வண்டிகளும் என்கிறார்கள். பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். எதிரே பல மடங்கு குதிரைப்படை. அவர் மீன் வளர்க்கும் குளங்களுக்கு நடுவே கரையைப் பார்த்து வண்டிகளை நிறுத்தினார். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வற்றிய குளத்தின் சேறு. கவசக்காரர்கள் சேற்றில் குதிரையை விட்டு இறங்கித் தடுமாற வேண்டியதாயிற்று. சேற்றில் கால் புதைந்த யானையை நரி கொல்லும் என்று நம் முன்னோர் சொன்னது எனக்கு அந்த இடத்தில் ஞாபகம் வந்தது. அன்று எதிரியால் வண்டிகளைத் தாண்ட முடியவில்லை. அடுத்த வருடம் ஜிஷ்கா இன்னொரு கண்ணையும் இழந்தார். அதற்கு மேலும் படை நடத்தினார். 1424-இல் நோயில் இறக்கும்வரை தோற்கவில்லை.

‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுகிறோம். வல்லவன் என்றால் பலசாலி என்று நினைத்துக்கொண்டுதான் நானும் வெகுநாள் சொல்லிவந்தேன். ஒன்றைச் செய்யத் தெரிந்தவன்தானே வல்லவன்? பாட வல்லவர், எழுத வல்லவர் என்கிறோமே, அந்த வல்லமை. போஹீமியக் குடியானவர்கள் வண்டியில் வல்லவர்கள். குதிரைமேல் வந்தவர்கள் வாழ்நாளெல்லாம் அதே வண்டிகளைச் சாலையோரம் ஒதுங்கச் சொல்லிவிட்டுப் போனவர்கள். அதனுள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வந்ததே இல்லை.

கர்நாடகத்தில் இருக்கும் சித்ரதுர்கா கோட்டையின் ஓபவ்வாவையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். ஹைதர் அலியின் படை முற்றுகையிட்டிருந்தபோது, காவல்கார கணவன் சாப்பிட உட்கார்ந்த நேரம், தண்ணீர் எடுக்கப் போனவள் மதிலிடுக்கு வழியாக எதிரிகள் ஒவ்வொருவராக ஊர்ந்து வருவதைப் பார்த்து, உலக்கையை எடுத்துக்கொண்டு இடுக்கின் இந்தப் பக்கம் நின்றாள் என்பது மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. தலை நீட்டியவனை ஓங்கிக் குத்தி, உடலை இழுத்துப் போட்டுவிட்டு, அடுத்தவனுக்குக் காத்திருந்தாளாம். ஓங்கு, இறக்கு, நகர்த்து. உரலுக்கு முன்னால் அவள் தினமும் செய்த வேலையின் தாளம் அது. அந்த இடுக்கு இன்றும் அவள் பெயரில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட கதைகளை நாம் வெற்றி வரும் இடத்தோடு நிறுத்திவிடுகிறோம். அதுதான் எனக்கு மனக்குறை. சித்ரதுர்கா 1779-இல் ஹைதர் அலியிடம் விழுந்தது. ஜாங் ஷுன் மறு வருடமே வேறொரு நகரைக் காக்கும்போது, பட்டினிக்கு நடுவே அந்த நகர் விழ, பிடிபட்டு உயிரிழந்தார். ஹுஸ்ஸைப் பின்பற்றியவர்களில் தீவிரப் பிரிவினர் 1434 மே 30 அன்று லிபானியில் தோற்றது வெளியிலிருந்து வந்தவர்களிடம் அல்ல. அவர்களிடமிருந்தே பிரிந்துபோன மிதவாதிகளும் உள்நாட்டுக் கத்தோலிக்கரும் சேர்ந்த படையிடம். எதிரிலும் வண்டிக்கோட்டைதான். மிதவாதிகள் தோற்று ஓடுவது போல நடித்தார்கள். தீவிரப் பிரிவினர் துரத்துவதற்காகச் சங்கிலியை அவிழ்த்து வண்டிகளை விட்டு வெளியே வந்தார்கள். மறைந்திருந்த குதிரைப்படை அவர்களைச் சூழ்ந்தது. வண்டியை வெல்லத் தெரிந்தவன் வண்டிக்குள் இருந்து பழகியவன்தான். இதைப் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஸ்கரிக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அவனும் பிறகு பிரான்ஸ் போர்முனைக்குப் போனான். அங்கே டப்பாவும் தண்ணீரும் எதையும் மாற்றவில்லை.

என் டப்பாவுக்கு வருகிறேன். நாலாம் தடவை குச்சியின் அடியில் மெழுகு தேய்த்தேன். மூடியில் காற்றுக்கு ஒரு துளை. கீழ் டப்பா காற்றில் ஆடாமல் இருக்க அதில் ஒரு கூழாங்கல். சொட்டு விழத் தொடங்கியது. கொஞ்ச நேரம் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு வேறு வேலை வந்துவிட்டது. எழுந்து போனவன் அதை மறந்தே போனேன். எவ்வளவு நேரம் கழித்து என்று தெரியாது, ‘டங்’ என்று தட்டு தரையில் விழுந்து உருண்டது. வைத்தவன் நான்தான், இருந்தும் நெஞ்சு திடுக்கென்றது.

அந்த அறையில் யாரும் இல்லை. ஈரத் தரையும் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு டப்பாவும்தான். அடுத்த அறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். ‘என்னடா விழுந்தது’ என்று கேட்பார் என நினைத்தேன்.

“யாருடா அங்கே?” என்றார்.